காயாத பல்

பள்ளிக்கூட பெஞ்சின் மேல் செந்தமிழ் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறாள். புதிதாய் முளைத்த கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுமுன் அதன் பள்ளங்களைப் பூச்சு போட்டு அடைத்துவிட வேண்டுமென்று பல் டாக்டர் சந்தியா இரண்டு முறை முயன்றுவிட்டார். இரண்டு முறையும் எச்சில் ஊறிக் காரியத்தைக் கெடுத்துவிட்டது. "ஈரம் பட்டா ஒட்டாதும்மா. இன்னும் ஒரு வாட்டி பாக்குறேன், அவ்ளோதான். எங்க வேன் அடுத்த முகாமுக்கு அனுமந்தைக்குக் கிளம்பணும்" என்கிறார். உப்பளத்து வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் தாய் அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தூறலில் பாத்தி உப்பெல்லாம் கரைந்துபோவதைப் பார்த்தவள் அவள். மகளின் நாக்கை, மழை மேகத்தை முறைப்பதுபோல் முறைக்கிறாள். அம்சவல்லியின் கடைவாயில் ஒரு பல்லும் மிச்சமில்லை. சன்னல் வழியே உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. டாக்டர் கன்னத்துக்குள் புதுப் பஞ்சை அடக்கிக் காற்றடிக்கிறார். உஸ்ஸென்ற சத்தத்தில் பல் மெல்ல மெல்ல வெளுக்கிறது, பாத்தியில் உப்புப் பூப்பதுபோல. பூச்சை இறுக வைக்கும் நீல விளக்கு பக்கத்திலேயே தயாராய் இருக்கிறது. செந்தமிழின் நாக்கு லேசாய் நெளிகிறது. அம்சவல்லியால் பொறுக்க முடியவில்லை.

"ஆடாம இருடி! முடிஞ்சதும் மாங்கா வாங்கித் தர்றேன், உப்பு மொளகாத்தூள் போட்டு!"

செந்தமிழின் தொண்டை ஏறி இறங்குகிறது. பஞ்சு ஊறிப் பல் பளபளவென்று நனைகிறது. டாக்டர் கையிலிருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். ஏதோ சொல்ல வாயெடுத்த அம்சவல்லி, முதலில் தன் வாயில் ஊறியதை விழுங்குகிறாள்.