தாராபாத்திரத்தில் பனி

கத்திரி பிறந்துவிட்டது. தேரிக்காட்டுச் செம்மணல் தவத்தில் அமர்ந்ததுபோல் வாய்மூடிக் கனன்றது; பனைகளும் ஓலை அசைக்காமல் நின்றன. அத்தேரியின் ஒரு சரிவு மட்டும் வெண்பனி போர்த்திருக்க, எட்டுத் திசையிலிருந்தும் வந்தவர்கள் காலில் பலகை கட்டிச் சறுக்கி மகிழ்ந்தார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சிப் பனியாக்கும் எந்திரம் கோமதிநாயகத்தின் பொறுப்பில் இருந்தது.

வேலை முடிந்து சிவன் கோயிலுக்கு வந்தவர் கருவறையைக் கண்டு திகைத்தார். கத்திரி முழுதும் லிங்கத்தின்மேல் சொட்டவேண்டிய தாராபாத்திரம் வறண்டு தொங்கியது.

“கோயில் கிணறு வத்திப்போச்சு ஓய்,” என்றார் குருக்கள். “ஊரே குடத்தைத் தூக்கிண்டு அலையறது. சுவாமிக்கு நான் எங்கே போவேன்? உம்ம தேரியிலதான் கைலாசமே இறங்கியிருக்காமே!”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கிணற்று நீர் போன வழி அறிந்த கோமதிநாயகத்துக்கோ தலை நிமிரவில்லை.

மறுநாள் தூக்குவாளி நிறையப் பனி அள்ளிவந்து நீட்டினார். குருக்கள் அதைத் தாராபாத்திரத்தில் இட்டார். சற்றுப் பொறுத்து முதல் துளி இறைவனின் திருமுடியில் விழுந்தது. கோமதிநாயகம் கண்களை மூடிக்கொண்டு கைகூப்பினார்.

குருக்கள் அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

“ஈசனையே குளிர வச்சுட்டீர். உம்ம தொழில் மேன்மேலும் தழைக்கட்டும் ஓய்!”