அடியில் போகாத கப்பல்

பாதி கட்டிய கப்பலின் வயிற்றுக்குள், தகடு போடாத இடைவெளிகள் வழியாகச் சாயங்கால வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. இந்தப் பட்டறையில் காலமெல்லாம் கப்பல் கட்டிவிட்டு, தேர்தலில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். கசங்கிய சட்டையில் துரு ஒட்டுவதை அவர் தட்டிவிடவில்லை. இப்போது பட்டறையை நடத்தும் தம்பி, கையுறையைக் கழற்றாமல் எதிரே நிற்கிறான். "ஆத்து முகத்துல பாலம் வருதாமே அண்ணே. நாம கட்டுற பெரிய கப்பல் எதுவும் அதுக்கு அடியில கடலுக்குப் போகாதாமே?" "போகாது." "நீங்க எதிர்க்கலையா?" "தொண்டை கட்டுற வரைக்கும் பேசினேன். அக்கரை ஜனங்க ஆஸ்பத்திரிக்குப் போகப் படகுக்குக் காத்துக் கிடக்குறாங்கன்னு சொன்னாங்க. ஓட்டெடுப்பு வந்தப்ப பாலத்துக்கு ஆதரவா நானும் கையைத் தூக்கிட்டேன்." "நம்ம பட்டறையை மூடுறதுக்கா?" "ஆமாடா." வெளியே தகட்டில் விழும் சுத்தியல் சத்தம் கப்பல் முழுக்க அதிர்ந்து அடங்குகிறது. தம்பி திட்டுவான் என்று அவர் காத்திருக்கிறார், திட்டினால் தேவலை. அவனோ தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்துகிறான். "பாலம் எழும்புறதுக்குள்ள இதையாவது முடிச்சு வெளியே அனுப்பணும். கண்ணை மூடிக்குங்க அண்ணே, வெல்டிங் பத்த வைக்கப் போறேன்." அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். இமைக்குள்ளும் அந்த நீல வெளிச்சம் விடாமல் துடிக்கிறது.