தூக்கிய கை

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருந்த அந்தக் கிளினிக்கில், ஜெசிந்தா செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா," என்றார் டொக்டர். "உங்கட மனுசன்ர இடுப்பெலும்பில எடுத்த ஸ்டெம் செல்லைத் தோளில ஏத்தி ஆறு மாசமாச்சு. கிழிஞ்ச தசைநார் இப்ப பொருந்தியிருக்க வேணும்."

"பழையபடி கையைத் தூக்க ஏலுமோ?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஓம். முந்தின பலம் அப்பிடியே வரும்."

அவள் முகம் வெளிறியது.

கணவன் ஹெக்டர் சிரித்தான். "கரைவலை இழுக்கேக்க என்ர தோள் போய் ஒரு வருசம், டொக்டர். அண்டையில இருந்து இவ செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறவ."

"அப்ப நேர்த்தி வீண்போகாது. எங்க, தூக்குங்கோ பாப்பம்."

ஹெக்டரின் வலது கை மெல்ல எழுந்தது. தோளைத் தாண்டியது. தலைக்கு மேல் விரிந்த உள்ளங்கையோடு நின்றது.

டொக்டர் சந்தோஷத்தில் கைதட்டினார்.

ஜெசிந்தா இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு கதிரைக்குள் சுருண்டாள்.

அடி விழாத அந்த ஒரு வருசத்துக்கு நன்றியாகத்தான் அவள் இவ்வளவு நாளும் மெழுகுதிரி கொளுத்தியிருந்தாள்.