எட்டாவது மிளகாய்

ஏழாவது ஊசி மிளகாயையும் தையல்காரர் இடது கன்னத்தில் ஒதுக்கி, தலையை அந்தப் பக்கமே சாய்த்து, நிதானமாக மென்று விழுங்கினார். கண்ணில் ஈரமே இல்லை.

பந்தயம் பத்து மிளகாய். பச்சையாக, தண்ணீர் குடிக்காமல்.

கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் மொட்டை மாடியிலுள்ள பதினோரு பெயின்ட் டப்பாக்களும் மிளகாய்ச் செடியோடு குப்பைக்குப் போகும். மாடி மைத்துனன் பங்கு. தகரக் கூரை போட்டு, எடை தூக்கும் சாமான்களை அடுக்கப்போகிறான்.

தினமும் இரண்டு முறை படியேறித் தண்ணீர் ஊற்றியவர் தையல்காரர். மனைவி வீட்டோடு வந்து தங்கியவருக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அங்கே வேறொன்றும் இல்லை.

"முப்பது வருஷமா குண்டூசி கடிச்ச வாய்க்கா இது. காய்ச்சுப் போயிருக்கும்," என்றான் மைத்துனன்.

கூட வந்த கூட்டாளிகள் சிரித்தார்கள். மிளகாய்த் தட்டை ஏந்தி நின்ற அவன் அக்கா சிரிக்கவில்லை.

தையல்காரர் எட்டாவதைக் கடித்தார்.

எரிந்தது.

கடைவாயில் பிடித்து, ஈறு வழியாகக் கன்னத்தின் உள்பக்கம் முழுக்கப் பரவியது. தாடை அப்படியே நின்றது. இடது கண்ணில் நீர் திரண்டு, மூக்கோரம் இறங்கி, சட்டையில் சொட்டியது.

"சொட்டிடுச்சு. தோத்துட்டீங்க மாமா."

மைத்துனன் குனிந்து ஒரு டப்பாவைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டான்.

தையல்காரர் கண்ணைத் துடைக்கவில்லை. ஒன்பதாவதை எடுத்து அதே பக்கத்தில் வைத்தார்.

"அதான் முடிஞ்சுபோச்சே. துப்புங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

துப்பவில்லை. மென்றார். பத்தாவதையும் அங்கேயே போட்டுக்கொண்டார். முகம் கன்றிச் சிவக்க, மூக்கு ஒழுக, மைத்துனனைப் பார்த்துச் சிரித்தார்.

மனைவி அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாதம் வந்து விழுந்த மனுஷனுக்குக் கை திரும்பியது, கால் திரும்பியது, பேச்சும் திரும்பியது. அது தெருவுக்கே தெரியும். இடது கன்னத்தின் உள்பக்கம் மட்டும் திரும்பவில்லை. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. எட்டு மாதமாக, ஒவ்வொரு வேளையும் அவர் சாப்பிட்டு முடித்ததும், அவருக்கே தெரியாமல் அங்கே ஒதுங்கிக் கிடக்கும் பருக்கையை விரல் விட்டு எடுப்பவள் அவள்.

அந்த மரத்த கன்னத்தை நம்பித்தான் அவர் பந்தயமே கட்டினார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். தம்பியின் இடுப்பிலிருந்த செடியில் நன்றாகப் பழுத்த ஒன்றைக் கிள்ளி, கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"டப்பாவைக் கீழ வைடா," என்றாள். "இன்னும் பறிக்கணும்."