மூச்சு விடும் தெரு

"மேடம், அவர் பேனருக்குப் பின்னால எட்டிப் பார்த்துடப் போறாரு லா," என்று உதவியாளர் குகன் கிசுகிசுத்தான்.

"வாய மூடிக்கிட்டு அவருக்கு இளநீர் குடுங்க," என்றார் திட்ட அதிகாரி சுதர்சினி.

ஐரோப்பாவிலிருந்து வந்த மேயர், பிரிக்பீல்ட்ஸ் தெருவின் நட்டநடுவில் சொக்கிப்போய் நின்றார். ஒரு கார்கூட இல்லை. பூக்கடைகள் சாலைக்கே இறங்கியிருந்தன. பிள்ளைகள் பூப்பந்து ஆடினார்கள்.

"காரை எப்படி ஒழித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மக்களின் ஒத்துழைப்புதான் சார். திட்டத்தின் பெயர், 'மூச்சு விடும் தெரு'," என்றார் சுதர்சினி.

மேயர் அதை எழுதிக்கொண்டார். எழுதிய கையோடு தெருமுனைக்கு நடந்து, பச்சைப் பேனரைத் தூக்கிப் பார்த்தார்.

பின்னால், லோரியே விழுந்துவிடும் அளவுக்கு ஒரு பள்ளம். போன தீபாவளிக்கு முன் குழாய் போடத் தோண்டிய கான்ட்ராக்டர் அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார். அதைத் தாண்டி எந்தக் காரும் உள்ளே வர முடியாது. தேங்கிய தண்ணீரில் கங்கோங் கீரை தளதளவென்று வளர்ந்திருந்தது.

சுதர்சினி ஓடிவந்து பேனரைக் கீழே இழுத்தார். "சார், அது வந்து..."

மேயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்கள் ஊரிலும் இதே பள்ளம் இருக்கிறது, மேடம். அதற்குப் பெயர் வைக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை!"