மாடி வீட்டுச் சத்தம்

இப்போதெல்லாம் எவரும் எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இந்த இன்ஸ்பெக்டர் அம்மாவும் அப்படித்தான். கேள்வியைக் கம்ப்யூட்டரிடம் கேட்டுவிட்டுப் பதிலை மட்டும் பெரியவரிடம் எதிர்பார்த்தார்.

பெரியவர் குழாய் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். ஸ்டேஷன் பெஞ்சில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். மகனுக்காகக் காலையில் தேய்த்து மடித்த சட்டை, பேன்ட், ஒரு துண்டு எல்லாம் அதில் இருந்தன.

“நேத்து சாயங்காலம் மாடிப்படியில என்ன நடந்துச்சு? தெரிஞ்சதைச் சொல்லுங்கய்யா.”

“சொல்ல என்னம்மா இருக்கு? மாடி வீட்டுக்காரனும் என் பையனும்தான் அங்க இருந்தாங்க. சத்தம் கேட்டு நான் போறதுக்குள்ள படியெல்லாம் ரத்தம். என்னோட பைப் ரெஞ்சு கீழ கிடந்துச்சு.”

“என்ன காரணம்?”

“வீடியோ கேம். முதல்ல அதை எழுதுங்க.”

இன்ஸ்பெக்டரின் விரல்கள் நின்றன. முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“விடிஞ்சா எழுந்தா அதான்மா. ‘சுடுடா, விடாதே, பின்னாடி வர்றான் பாரு’ன்னு ஒரே கத்தல். துடைப்பக்கட்டையால சீலிங்கை இடிச்சு இடிச்சுக் காரை பேந்ததுதான் மிச்சம். நாள் முழுக்கத் தலைக்கு மேல கொலை நடந்தா, கீழ இருக்கிற வீடு என்னத்துக்கு ஆகும்? நடுநடுவுல சிரிப்பு வேற. தனியா உக்காந்து சிரிக்கிறான்.”

“தனியா இல்ல பெரியவரே,” என்று குறுக்கே வந்தார் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள். “அந்தப் பக்கம் கூட்டாளிங்க இருப்பாங்க. பேசிக்கிட்டேதான் ஆடுவாங்க. நானே ஆடுவேன்.”

“எந்தப் பக்கம்? செவுத்துக்குள்ளயா?”

“இல்லீங்க, அவங்கவங்க வீட்ல. கேம்ல நான் சுடாத ஆளில்ல. நிஜத்துல எறும்பை மிதிக்கவும் மனசு வராது.”

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “போலீஸ் வேலைக்கு வந்துட்டுப் பேசுற பேச்சா இது?”

கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே பையை வாங்கிச் சோதித்தார். பேன்ட்டிலிருந்து பெல்ட்டை மட்டும் உருவி, பையோடு திருப்பிக் கொடுத்தார். “இது வேணாம். வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க.”

பெல்ட் இல்லாமல் மகனுக்குப் பேன்ட் நிற்காது, ஒல்லி உடம்பு. பெரியவர் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டார். நேற்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. பசியும் இல்லை, அழுகையும் இல்லை. குடித்த டீ சூடாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

“உங்க பையன் எப்படி?”

“தங்கமான பையன். முப்பதைத் தாண்டிட்டான், இன்னிக்கு வரைக்கும் கேம்னு ஒன்னைத் தொட்டதில்ல. சின்னதுல எங்கிருந்தோ ஒன்னு வாங்கிட்டு வந்தான். சுத்தியலை எடுத்தேன், ஒரே போடு. தூள் தூளாப் போச்சு. பார்த்துக்கிட்டே நின்னான். அதோட சரி.”

“சிநேகிதங்க?”

“எதுக்கு, கெட்டுப்போறதுக்கா? வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை.”

“வீட்ல உங்ககிட்டப் பேசுவாரா?”

“எங்கிட்டப் பேச என்னம்மா இருக்கு? சாப்பிடுவான், சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான், படுத்துடுவான். கோபம் வந்தாக்கூட வெளிய காட்ட மாட்டான்.”

“மாடி வீட்டுத் தம்பி ஒருநாள் அவரை ஆட வரச்சொல்லிக் கூப்பிட்டாராமே?”

“கூப்பிட்டான். ‘வாங்கண்ணா, சும்மா ஒரு ஆட்டம்’னு கதவு வரைக்கும் வந்துட்டான். இவனும் செருப்பை மாட்டிட்டான். நான் விடுவேனா?”

இன்ஸ்பெக்டர் அதை மட்டும் டைப் அடிக்கவில்லை. அதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டார், வைத்தார்.

“ஆஸ்பத்திரியில இருந்து. கண்ணு முழிச்சாச்சாம். உயிருக்கு ஆபத்தில்லையாம்.”

“அப்பாடா!” என்றார் கான்ஸ்டபிள்.

பெரியவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “அப்ப என் பையன் வீட்டுக்கு வந்துடுவானாம்மா?” அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். காலையிலிருந்து பார்க்கிற ஆட்களிடமெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்போதைக்கு முடியாதுங்கய்யா.”

“நாளைக்கு?”

“அது என் கையில இல்ல.”

பெரியவர் எழுந்தார். பையை மேசைமேல் வைத்தார். “நான் சொன்னதை எழுதிட்டீங்கல்ல? கேம்தான் காரணம்னு?”

“கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கய்யா. நடந்ததுக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்?”

படித்தவர்களுக்குப் புரிய வைப்பது வீண் வேலை. பெரியவர் வாசலைப் பார்த்து நடந்தார். படியிறங்கும்போது, திரும்பாமலே சொன்னார்:

“விளையாடினது அவன்தானேம்மா? என் பையன் அடிக்கத்தானே செஞ்சான்!”