கருப்பன் வீட்டு அஸ்திவாரம்

வீடு விழுந்து கிடந்தது. கூரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். நடுவே இருந்த பள்ளத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று கருப்பன் சட்டி பானைகளைத் தேடிக்கொண்டிருந்தான்.

புயல் ஓய்ந்ததும் கோட்டையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த உபதேசியார் பூபதி, அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கோட்டைக்குப்பத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் வாங்கியவன் இந்தக் கருப்பன். பேதுரு என்று அவனுக்குப் பெயர் தேர்ந்து கொடுத்தவரே அவர்தான். அவரைத் தவிர குப்பத்தில் வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, ஆண்டவரை நம்பி வாழ்வது பாறை மேல் வீடு கட்டுவது மாதிரி என்றெல்லாம் அவர் ஒருநாள் பிரசங்கம் பண்ணப்போக, கருப்பன் நிஜமாகவே வீடு கட்டக் கிளம்பிவிட்டான். பழவேற்காட்டில் பாறைக்கு எங்கே போவது? தோண்டத் தோண்ட மணல்தான். டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கப்பல்கள், கவிழாமலிருக்க அடிப்பாரமாக ஏற்றி வந்து, துணி மூட்டை ஏற்றும்போது கரையில் கொட்டிவிட்டுப் போகிற கற்களைக் கோட்டையில் கெஞ்சி வாங்கி வந்து, பள்ளம் தோண்டி அடுக்கி, அதன் மேல் மண் சுவர் எழுப்பினான்.

குப்பத்துத் தலைவர் கங்காதரனுக்கு இது பொறுக்கவில்லை. ஊரைக் கூட்டிவிட்டார்.

"இந்த மழைக்கு உன் வூடு நின்னா, நீயும் உன் வேதமும் இங்கியே இருங்க. வுழுந்துச்சின்னா வேதத்த வுட்டுடணும். இல்லேன்னா ஏரியில உனக்குப் பாடு கெடையாது."

ஏரியில் வலை போட ஒவ்வொருவருக்கும் முறை வைத்து இடம் ஒதுக்குவார்கள். அதுதான் பாடு. அது போய்விட்டால் மீன்பிடிக்கிறவன் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும். தெரிந்தும், உபதேசியார்தான் அன்றைக்கு முந்திக்கொண்டு, "சரி, பார்த்துடலாம்!" என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

"பேதுரு! கல்லு மேலதானே கட்டினே?" என்றார் இப்போது.

"ஆமாங்கய்யா."

"அப்புறம் எப்படி விழுந்துச்சு?"

கருப்பன் தலையைச் சொறிந்தான். "இப்போ அடியில கல்லு இல்லீங்களே. அப்புறம் எப்படி நிக்கும்?"

உபதேசியார் ஒரு மூங்கில் குச்சியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். இந்த மூலையில் மணல். அந்த மூலையிலும் மணல். மருந்துக்குக்கூட ஒரு கல் தட்டுப்படவில்லை.

"கல்லெல்லாம் எங்கடா?"

"அத்த நான் வெளிய சொல்லக் கூடாதுங்களே. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"நானா? நான் என்னடா சொல்லிக் குடுத்தேன்?"

கருப்பன் குனிந்து மறுபடியும் பானையைத் தேடத் தொடங்கினான். அவன் பெண்டாட்டி தேவகிதான், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே பொரிந்து தள்ளினாள்.

"வேணாம் வேணாம்னு தொண்ட கிழியக் கத்தினேன் ஐயா. கேட்டாரா? வேதம் வேதம்னு சொல்லியே வூட்டக் கவுத்துட்டாரு!"

உபதேசியாருக்குப் பழைய கருப்பன் ஞாபகத்துக்கு வந்தான். வேதத்துக்கு வருவதற்கு முன்னால், தோணித் துடுப்பைக்கூட விற்றுக் குடித்த ஆசாமி அவன். அவருக்கு ரத்தம் கொதித்தது.

"அடப்பாவி! கல்லயும் வித்துக் குடிச்சிட்டியாடா?"

"ஐயையோ, இல்லீங்கய்யா!"

அதற்குள் கங்காதரன் ஆட்களோடு வந்து நின்றார். அத்தனை பேரும் நனைந்து, தூக்கமில்லாமல் கண் சிவந்து இருந்தார்கள். வம்புக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்த உபதேசியார் முந்திக்கொண்டார்.

"தலைவரே, இதுல வேதத்து மேல ஒரு குத்தமும் இல்ல. கல்லு மேல கட்டினேன்னு இவன் என்னையே ஏமாத்திட்டான். வேணும்னா நீங்களே குச்சி விட்டுப் பாருங்க. இவனை என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

தான் சேர்த்துக்கொண்டு வந்த ஒரே ஆளை இப்படி ஒரு மூச்சில் கைகழுவிவிட்டதில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கருப்பன் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தான்.

"தலைவரே, பாடு போனாப் போவுது. கூலி வேல செஞ்சாவது பொழச்சிக்கிறேன். வேதத்த மட்டும் வுட மாட்டேன்."

கங்காதரன் அவன் தோளில் கை வைத்தார்.

"இந்த வருசம் மொதப் பாடு கருப்பனுக்குத்தான். வூட்ட குப்பமே சேந்து கட்டிக் குடுக்கும். உபதேசியாரே, ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். அந்த வேதத்துல இன்னாதான் சொல்றாங்கன்னு குந்திக் கேக்கணும்."

உபதேசியாருக்குத் தலை சுற்றியது. "தலைவரே, வீடுதான் விழுந்துடுச்சே! அடியில ஒரு கல்லுகூட இல்லியே!"

கங்காதரன் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். தோணி கட்டும் கம்பங்களையெல்லாம் காற்று அடியோடு பிடுங்கிப் போட்டிருந்தது. ஆனால் குப்பத்துத் தோணிகள் ஒன்று குறையாமல் தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றன.

"அத்தினி கல்லயும் ராவோட ராவா பேத்து எடுத்தாந்து, எங்க தோணிங்களுக்கு நங்கூரமா கட்டிட்டான், ஐயா."